கிளச் இல்லாத காருக்குக் கிளச்

வணக்கம் நேயர்களே. 1965ஆம் ஆண்டில் ஒருவர் மேலதிகக் காசு கட்டி வாங்கிய வசதியை, இன்றைக்கு இன்னொருவர் அதைவிடப் பல மடங்கு காசு கட்டிக் கழற்றுகிறார். பெரிய சைஸ் பழைய கார் ஒன்றை ஒட்டோமட்டிக்கிலிருந்து மனுவலுக்கு மாற்றுகிற வேலை அது. எங்கள் கராஜில் செய்த ஒரு காரை வைத்தே சொல்கிறேன்.

கார் 1965 பொன்டியாக் பரீசியன். ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் வருகிற ஒஷாவாவில் பூட்டியது. ஐந்து மீற்றருக்கு மேல் நீளம், எடை 1,700 கிலோ அளவில். பெயர் பொன்டியாக் என்றாலும் உடம்புக்குக் கீழே முழுக்கச் செவர்லே. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வருகிற காருக்குக் கனடா சுங்கவரி அறவிட்டது. அதனால் ஜெனரல் மோட்டர்ஸ் இங்கே செவர்லேயின் சசி என்கிற அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் வைத்து, மேலே பொன்டியாக் உடலைப் பொருத்தி விற்றது. 1965 ஜனவரியில் இரண்டு நாடுகளும் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் அந்தப் பழக்கம் சில வருடம் தொடர்ந்தது. அசல் பொன்டியாக் பிரியர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். எங்களுக்கு அதுவே வசதி. பழைய செவர்லேக்குக் கிடைக்கிற கிளச் சாமான் இதற்கும் பொருந்தும்.

உள்ளே 283 கன அங்குல வி8 எஞ்சின். அதன் பின்னால் பவர்கிளைட். 1950இல் செவர்லே அறிமுகப்படுத்திய ஒட்டோமட்டிக் கியர்பெட்டி அது. முன்னுக்கு ஓட இரண்டே இரண்டு கியர். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நான் அதைக் குறை சொல்லமாட்டேன். நேர்கோட்டில் பந்தயம் விடுகிறவர்கள் இன்றைக்கும் அந்தப் பெட்டியைத் தேடி வாங்குகிறார்கள், அவ்வளவு உறுதி. அந்த வருடத்துக் காரில் விலையோடு சும்மா வந்தது ஸ்டியரிங் தண்டில் கம்பி வைத்த மூன்று கியர் மனுவல். ஊரில் ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் ஓடினவர்களுக்கு அந்தக் கம்பி தெரியும். கிளச் மிதிக்கிற கரைச்சல் வேண்டாம் என்றவர்கள்தான் காசைக் கூட்டிக் கொடுத்து பவர்கிளைட் எடுத்தார்கள்.

காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அவருக்குத் தரையிலிருந்து எழும்புகிற கம்பியோடு நான்கு கியர் வேண்டும். மனைவிக்கு விருப்பமில்லை. முதல் நாளே கராஜுக்கு வந்து, "பார்க் என்கிற எழுத்தை எங்கே வைப்பீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி, ஒட்டோமட்டிக்கில் அந்த எழுத்துக்கு இழுத்துவிட்டால் கார் அசையாமல் நிற்கும். பதிலைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டியை இறக்கி இன்னொரு பெட்டியை ஏற்றுவது ஒரு நாள் வேலை. மிச்ச வேலைக்குத்தான் மாதங்கள் போகும். ஏனென்றால் எஞ்சினுக்கும் பவர்கிளைட்டுக்கும் நடுவில் டொர்க் கன்வேட்டர் என்று ஒன்று இருக்கிறது. எண்ணெய்க்குள் ஒரு விசிறி சுழன்று மற்ற விசிறியைச் சுழற்றுகிற சாமான். கார் நிலையிலிருந்து கிளம்பும்போது அது எஞ்சினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக் கொடுக்கும். அதைக் கழற்றி வைத்த நிமிடமே அது இவ்வளவு நாளும் சத்தமில்லாமல் பார்த்த வேலை எல்லாம் எங்கள் தலையில் விழும்.

கணக்கைப் பாருங்கள். பவர்கிளைட்டின் முதல் கியர் 1.82, அதாவது பெட்டிக்குள் போகிற தண்டு 1.82 சுற்றுச் சுற்றினால் வெளியே வருகிற தண்டு ஒரு சுற்று; எண் கூடினால் கிளம்புகிற பலமும் கூடும். பின் அச்சு 3.08. பெருக்கினால் ஐந்தரைக்குச் சற்று மேல். கன்வேட்டர் அதை இரட்டிப்பாக்கினால் பதினொன்று. இனி மனுவல். வாத்தியார் ஆசைப்பட்டது இண்டியானா மாநிலத்து மன்சி நகரத்தில் செய்த, அந்த ஊரின் பெயரையே கொண்ட நான்கு கியர் பெட்டி. அதில் எம்21 என்ற நெருக்கமான கியர் வகைக்கு முதல் கியர் 2.20. அதை 3.08ஆல் பெருக்கினால் 6.8தான் வருகிறது. 1,700 கிலோக் காரை அந்த எண்ணில் சிக்னலில் கிளப்புவதென்றால் கிளச்சைப் பாதி மிதித்தபடி தேய்க்கவேண்டும், தட்டு கருகி மணக்கும். பழைய பந்தயக் கார்களின் பெயர்பெற்ற பெட்டி என்று எம்21ஐ வாங்கிப் பெரிய காரில் போட்டுவிட்டுக் கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர். நாங்கள் எடுத்தது எம்20, முதல் கியர் 2.52. அதோடு பின் அச்சையும் 3.55க்கு மாற்றினோம். இப்போது ஒன்பதுக்குக் கிட்ட வருகிறது, கார் முனகாமல் எழும்பும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. 401இல் 100 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,750 தரம் அளவில் சுற்றும். முந்தி 2,400க்குள் நின்றது. ரெமெக் போன்ற கம்பனியின் இன்றைய ஐந்து கியர் பெட்டி போட்டால் முதல் கியர் 2.87, ஐந்தாவது 0.68. கிளம்பவும் பலம், நெடுஞ்சாலையிலும் அமைதி. என்னைக் கேட்டால் அதுதான் புத்தி. வாத்தியாருக்கு அந்தக் காலத்துப் பெட்டியின் இரைச்சல்தான் வேண்டும். கார் அவருடையது.

சரி, பெட்டிக்கு முன்னால் என்ன? ஒட்டோமட்டிக்கில் எஞ்சினுக்குப் பின்னால் மெல்லிய தகட்டுச் சில்லு ஒன்று இருக்கும். அது போய், கிளச் தட்டு அழுத்திப் பிடிக்கிற பாரமான சில்லு, பிளைவீல், வரவேண்டும். இந்த எஞ்சின்களுக்கு 153 பல்லிலும் 168 பல்லிலும் பிளைவீல் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டர் அந்தப் பல்லில்தான் பிடிக்கும், எதைப் போடுகிறோமோ அதற்கேற்ற மூக்கு அதற்கு வேண்டும். 283க்குப் போடுகிற பிளைவீலை அதே குடும்பத்து 400 கன அங்குல எஞ்சினுக்குப் போட்டால் கார் முழுக்க நடுங்கும், அந்த எஞ்சினின் சமநிலைப் பாரத்தில் ஒரு பங்கு பிளைவீலில்தான் இருக்கிறது.

எஞ்சினின் நடுவில் சுழல்கிற கிராங்க் தண்டின் பின் நுனியில் ஒரு குழி. அதற்குள் புஷ் என்கிற வெண்கல வளையம் இறங்கவேண்டும், கியர்பொக்ஸின் முன் தண்டு அதில்தான் தாங்கி நிற்கும். ஒட்டோமட்டிக்குக்கு இது தேவையில்லை என்பதால், சில பழைய கிறைஸ்லர் எஞ்சின்களில் அந்தக் குழியை அளவுக்குக் கடையாமலே விட்டிருப்பார்கள். அப்போது தண்டின் நுனியை வெட்டவேண்டி வரும். எங்களோடு வேலை செய்கிற தம்பி ரோச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, குழி சரியாக் கிடக்கு" என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்தது பெல் ஹவுசிங், எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கிற மணி வடிவக் கூடு. கியர்பொக்ஸ் உட்காருகிற அதன் நடுவட்டம், கிராங்கின் நடுவோடு நேராக இருக்கவேண்டும். டயல் கேஜை பிளைவீலில் பூட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால், முள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் ஆடக்கூடாது. ஆடினால், கூட்டை எஞ்சினில் இடம்பார்த்து நிறுத்துகிற டவல் பின்னுக்குப் பதில் நடு விலகிய பின் போட்டுத் திருத்தலாம். நான் முதன்முதலில் செய்த மாற்றத்தில் இதைப் பார்க்கவில்லை. "பார்வைக்குச் சரிதானே" என்று பூட்டிவிட்டேன். இரண்டாவது மாதமே மூன்றாவது கியர் தானாகக் கழன்று விழத் தொடங்கியது. திரும்ப எல்லாம் இறக்கிப் பார்த்தால் புஷ் முட்டை வடிவில் தேய்ந்து கிடந்தது. கூலி நான் கேட்கவில்லை, கேட்கிற முகமும் எனக்கு இல்லை.

பெடல்தான் உண்மையான அலைச்சல். ஒட்டோமட்டிக் காரின் அகலமான பிரேக் பெடல் போய், ஒடுங்கிய பிரேக்கும் பக்கத்தில் கிளச்சும் ஒரே தாங்கியில் தொங்கவேண்டும். அதிலிருந்து ஒரு கம்பி எஞ்சின் பக்கத்துக்கு வந்து, இரண்டு முனையிலும் கை நீட்டிய குறுக்குத் தண்டொன்றைத் திருப்பும். அதன் வடிவத்தைப் பார்த்து இசெட் பார் என்பார்கள். ஒரு முனை எஞ்சினில், மற்ற முனை சசியில். கியர்பொக்ஸைவிட இந்தச் சில்லறைச் சாமானைத் தேடித்தான் மூன்று மாதம் போனது. கம்பிக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் தள்ளுகிற ஹைட்ரோலிக் போடலாமே என்பார்கள். போடலாம், மிதிக்கவும் இலகு. ஆனால் பெல் ஹவுசிங்குக்குள் உட்காருகிற வகையில் ஒரு சொட்டு ஒழுகினாலும் பெட்டியை இறக்கவேண்டும். எனக்குக் கம்பிதான் பிடிக்கும்.

தரையை வெட்டியதை அதிகம் விவரிக்கவில்லை. அறுபது வருடம் துருப்பிடிக்காமல் தப்பிய ஒன்ராறியோக் காரின் தரையில் அறுக்கும் மெசினை வைப்பது மனசுக்கு லேசான வேலை இல்லை. முன்னுக்கு ஒரே நீள இருக்கை என்பதால் கியர் கம்பியை வளைத்து எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது கியர் இருக்கையில் முட்டும்.

பழைய கம்பியோடு இருந்த ஸ்டார்ட் பாதுகாப்பு சுவிட்சையும் கழற்றவேண்டும். அதன் வயர்களைச் சும்மா முறுக்கிவிட்டால் கியரில் இருக்கும்போதும் கார் ஸ்டார்ட் ஆகிப் பாயும். அப்படி விடாதீர்கள். கிளச் பெடலில் ஒரு சுவிட்ச் போடுங்கள். நாங்கள் போட்டோம்.

இப்போது வாத்தியாரின் மனைவி கேட்ட கேள்வி. பார்க் இல்லை. காரை நிறுத்துவது இனிக் காலால் அமுக்குகிற பார்க்கிங் பிரேக். எப்போதும் பார்க்கிலேயே போட்டுப் பழகியதால் அதன் கேபிள் இறுகிப்போய்க் கிடந்தது. புதிதாக இழுத்தோம்.

காரை எடுக்க இருவரும் வந்தார்கள். எங்கள் கராஜ் வாசல் கொஞ்சம் மேடு. வாத்தியார் மூன்று தரம் கிளச்சை விட்டார், மூன்று தரமும் எஞ்சின் நின்றது. பின்னால் வந்த பார ஊர்தி ஹோர்ன் அடித்தது. மனைவி இறங்கி மறுபக்கம் வந்து, அவரைத் தள்ளி இருக்கச் சொன்னார். பீற்றர்பரோ பக்கத்துப் பண்ணையில் அப்பாவின் ட்ராக்டரில் ஓட்டம் பழகியவராம். அதுவரை அவர் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை. கிளச்சைப் பாதியில் பிடித்து, ஒரு முனகல் இல்லாமல் அந்த மேட்டில் காரை எடுத்துக்கொண்டு போனார்.