எல்லா டீமும் ஏன் ஒரே அறையில் உட்கார வேண்டும்?

"டிசைன் டீம் வரைபடத்தை முடித்துக் கொடுத்தால் உற்பத்திப் பிரிவு அதைப் பார்த்துச் செய்துவிடும். நடுவில் எல்லா டீமையும் கூட்டி மீட்டிங் போடுவது நேரம் வீணாவது இல்லையா?" வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, ஏற்கெனவே ஓடுகிற பொருளில் சின்ன மாற்றம் என்றால் நீங்கள் சொல்வது சரி. வரைபடமே போதும். இதுவரை யாருமே செய்யாத பொருள் என்றால் அப்படி நடக்காது. பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற டொயோட்டாவின் பிரியஸ் காரை எடுத்துக்கொள்வோம்.

21ஆம் நூற்றாண்டுக்கு ஒரு கார் வேண்டும் என்று 1993இல் தொடங்கிய திட்டம் அது. தலைமைப் பொறியாளராக வந்தவர் தகேஷி உச்சியமதா. அதற்கு முன் அவர் அந்தப் பொறுப்பில் இருந்ததே இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். டொயோட்டாவில் கார் முழுவதற்கும் தலைமைப் பொறியாளர்தான் பொறுப்பு, ஆனால் இன்ஜின்காரர்களும் பாடிக்காரர்களும் அவரவர் துறைத் தலைவருக்குக் கீழேதான் வேலை செய்வார்கள். அதட்டி வேலை வாங்க முடியாது, பேசி ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். வழக்கமாகத் தலைமைப் பொறியாளர் ஒவ்வொரு துறையாக நடந்து போய்ப் பேசுவார். எல்லாத் துறையும் தனக்குத் தெரியாது என்பதில் உச்சியமதாவுக்குத் தெளிவு இருந்தது. அதனால் எல்லாத் துறை ஆட்களையும் ஒரே பெரிய அறையில் கூட்டினார். ஜப்பானியர்கள் அதை 'ஓபேயா' என்கிறார்கள், பெரிய அறை என்றுதான் பொருள். கால அட்டவணை, வரைபடம் எல்லாம் சுவரில் தொங்கும். உற்பத்திப் பிரிவு ஆட்களும் அங்கேயே இருப்பார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? பேட்டரியை மட்டும் பாருங்கள். முதல் பிரியஸில் அது பின் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. பேட்டரி கொஞ்சம் பெருத்தால் டிக்கியில் இடம் குறையும், எடை கூடும், எடை கூடினால் மைலேஜ் அடிவாங்கும். அது சூடாகக் கூடாது என்பதால் காற்றுக்கும் வழி விட வேண்டும். பேட்டரிக்காரர் எடுக்கும் ஒரு முடிவு நாலு பேர் வேலையை மாற்றுகிறது. அந்த நாலு பேருக்கும் மூன்று மாதம் கழித்து மெயிலில் தெரிந்தால் என்ன ஆகும்?

முதல் மாதிரிக் காரைச் செய்து முடித்தார்கள். 49 நாள் அது நகரவே இல்லை! ஏன் என்றும் பிடிபடவில்லை. இன்ஜின், மோட்டார், பேட்டரி, இவற்றைக் கட்டுப்படுத்தும் கணினி எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கும்போது "என் பகுதி சரியாகத்தான் இருக்கிறது" என்று யாரும் ஒதுங்க முடியாது. ஒருவழியாக நகர்ந்தபோதும் 500 மீட்டர்தான் போனது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமே இதுதான். இந்த நிலையில் இருந்து 1997 டிசம்பரில் காரை விற்பனைக்கே கொண்டு வந்துவிட்டார்கள். அதுவும், 1998 கடைசி என்று வைத்திருந்த கெடுவை நிர்வாகம் ஓராண்டு முன்னே இழுத்த பிறகு.

அப்புறம், மீட்டிங் நேர வீண் என்றீர்களே, அதிலும் நியாயம் உண்டு. எல்லாரும் வந்து அவரவர் அறிக்கையை வாசித்துவிட்டுப் போனால் அது வீண்தான். வரைபடத்தை மேசையில் விரித்து, "இதை இப்படி வளைத்தால், தகட்டை அழுத்தி வடிவமைக்கும் உங்கள் அச்சு (டை) தாங்குமா?" என்று கேட்டு, அங்கேயே கோட்டை அழித்துப் போட முடிகிறதா? அந்த மீட்டிங்குக்கு நீங்கள் கட்டாயம் போங்கள்.

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம்.