கேட்பவரே வளர்க்கிறார்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஒருவரின் திறன் வளரப் பெரிதும் உதவுவது குறையைச் சொல்லித் திருத்தும் பயிற்சியாளரா, கேள்வி கேட்டு அவரையே கண்டறிய வைக்கும் பயிற்சியாளரா? கேட்பவரே என்பது எங்கள் அணியின் கட்சி.

எதிரணி நண்பர், "நம் முதுகு நமக்குத் தெரியாது, பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்" என்றார். அறுவை மருத்துவர் அதுல் கவாண்டேயைச் சாட்சிக்கு அழைத்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தவர், ஓய்வுபெற்ற தம் ஆசிரியரை அறுவை அரங்குக்கு வரவழைத்தார். முழங்கை அவ்வப்போது தோளுயரத்துக்கு எழும்புகிறது என்று ஆசிரியர் சொன்ன பிறகே அது அவருக்குத் தெரிந்தது. உண்மைதான். ஆனால் நண்பர் பாதியில் நிறுத்திவிட்டாரே! ஆசிரியரை அழைத்தது யார்? கவாண்டேதான். தம் முன்னேற்றம் ஏன் நின்றுபோனது என்ற கேள்வி முதலில் அவருக்குள் எழுந்தது. ஆசிரியரும் அறுவை நடக்கையில் குறுக்கே பேசவில்லை, ஓரமாக நின்று குறிப்பெடுத்தார்.

கேட்காதவர் காதில் திணித்தால் என்ன ஆகும்? 1996-இல் குளூகர், டெனிசி என்ற உளவியலாளர்கள், வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் என்ன விளைகிறது என்று 600-க்கும் மேற்பட்ட ஆய்வு முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியில் நன்மைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் செயல்திறன் குறைந்திருந்தது! கவனம் வேலையை விட்டுத் தன்மீது திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 'இந்த வரி புரியவில்லை' என்றால் வரியைப் பார்ப்போம். 'உனக்கு எழுத வரவில்லை' என்றால் நமக்குள்ளேயே ஒடுங்கிப்போவோம்.

நானே இந்தத் தவறைச் செய்தவன். என்னிடம் வேலை பழக வந்த பெண்ணின் அறிக்கையில் ஏழு பிழைகளை வட்டமிட்டுக் கொடுத்தேன். மறுநாள் ஏழும் சரியாக இருந்தன, புதிதாக எட்டாவது ஒன்று முளைத்திருந்தது. "சரியா சார்?" என்று என் முகத்தையே பார்த்து நின்றாள். அந்தப் பார்வை என்னை உறுத்தியது. அடுத்த முறை பேனாவை எடுக்கவில்லை. "இதுல உனக்கே எந்த இடம் இடிக்குது?" என்று கேட்டுவிட்டு வாய்மூடி இருந்தேன். தமிழில் கேட்பது என்றால் வினவுவதும் அதுதான், செவிகொடுப்பதும் அதுதான். இரண்டாவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஒரு நிமிடம் கழித்து அவள் விரல் வைத்த இடம் நான் கவனிக்காமல் விட்ட இடம்!

ஒன்றும் தெரியாதவரிடம் கேள்வி கேட்டு என்ன பயன் என்பார்கள். கத்தி பிடிக்கத் தெரியாதவருக்குப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள், யார் தடுத்தார்கள்? அது கற்பித்தல். கையில் கத்தி வந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் இன்றைய வழக்கு.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். பிழையை வட்டமிட நீங்கள் இல்லாத நாளில், அந்த எட்டாவது பிழையோடு அவள் யாரிடம் போய் நிற்பாள்?