ஒருத்தன் திருடினால் ஊரே திருடனா?

எல்லோருக்கும் வணக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் வங்கி திவாலானது. வெள்ளைக்காரர் நடத்தியது, பெரிய பெயர், அதை நம்பிச் சேமிப்பைப் போட்டவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த ஆத்திரத்தில்தான் அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். சரி, தண்டனை கிடைத்தது. ஆனால் அது அவரோடு முடிந்தது. வெள்ளைக்கார வங்கிக்காரர்கள் பிறவி மோசடிக்காரர்கள், அவர்கள் பிள்ளைகளுக்கும் கைரேகை எடுத்து வையுங்கள் என்று எந்தக் கலெக்டரும் குறிப்பு எழுதவில்லை.

ஐந்தே வருடம். வடக்கே 1871இல் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஊரில் ரேகைச் சட்டம் என்பார்கள். திருடினாயா என்று யாரையும் கேட்கவில்லை, இந்தச் சாதியில் பிறந்தாயா, வா, ரேகை வை, ராத்திரி போலீஸ் சொல்லும் இடத்தில் வந்து படு. சாதிப் பெயரே குற்றப்பத்திரிகை! அதை எதிர்த்து நின்ற மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு, ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். 1952இல் நாடு முழுக்கச் சட்டம் ஒழிந்தது என்கிறோம், ஆனால் அந்தப் பார்வை சிறை விதிப் புத்தகங்களில் உட்கார்ந்திருந்ததை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது.

கூட்டமாகச் சேர்த்துப் பேசுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. தேர்தல் கணக்குப் போடுகிறவர் வேறெப்படிப் பேசுவார்? யாருக்கு எந்தப் படியால் அளக்கிறோம் என்பதுதான் என் சண்டை. எதிர்க்கட்சிக் கவுன்சிலர் லஞ்சம் வாங்கினால் அந்தக் கட்சியே அப்படித்தான். நம்ம ஆள் மாட்டினால், "அது அவருடைய தனிப்பட்ட செயல், கட்சிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தும் நீக்கப்படுகிறார்" என்று இரண்டு வரி அறிக்கை.

2024 மார்ச்சில் பெங்களூரு ராமேஸ்வரம் கஃபே குண்டுவெடிப்பை வைத்து, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே குண்டு வைக்கிறார்கள் என்ற பொருளில் ஒன்றிய இணையமைச்சர் ஷோபா கரந்தலாஜே பேசினார். நாம் கொதித்தோம், கொதித்தது நியாயம், அவரும் மன்னிப்புக் கேட்டார். அப்புறம்? வடமாநிலத் தொழிலாளி ஒருவர் மேல் திருட்டுப் புகார் என்று ஒரு செய்தி வரட்டும், "வடக்கனுங்க எல்லாமே இப்படித்தான், உள்ளே விட்டதே தப்பு" என்று பேசுகிறவர்களில் அன்றைக்குக் கொதித்தவர்களும் இருக்கிறார்கள். அதே திருட்டை உள்ளூர்க்காரன் செய்தால் அவன் கடன், அவன் குடி, பாவம் அவன் பொண்டாட்டி பிள்ளை என்று அவனுக்கு ஒரு கதை இருக்கிறது. பீகார்க்காரனுக்கும் ஊரில் கடன் இருக்கும், பிள்ளை இருக்கும். அதை யாராவது கேட்டோமா?