நிறுத்திய பிறகும் கொதிக்கும் உலை

நேயர்களுக்கு வணக்கம்.

அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா? நான் இயற்பியல் பாடம் நடத்திய காலம் முழுக்க மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் இதை விடாமல் கேட்டார்கள். பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே சொல்லில் பதில் வேண்டும். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: உலையை நிறுத்திய பிறகு அதன் சூட்டை எப்படித் தணிப்பார்கள்? அணுமின்சாரத்தின் ஆபத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இன்றைய பேச்சிலும் அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். யுரேனியத்தை எரிபொருளாக்கும்போது சிறு சிறு வில்லைகளாகச் செய்கிறார்கள். ஒரு வில்லை ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரம், எடை சில கிராம். அந்த ஒரு வில்லையிலிருந்து கிடைக்கும் வெப்பத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரியை எரிக்க வேண்டும். 1000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் நிலக்கரியை எரிக்கிறது. அதே அளவு அணுமின் நிலையத்துக்கு 25 முதல் 30 டன் எரிபொருள் போதும். ஒருமுறை நிரப்பினால் ஓர் ஆண்டுக்கு மேலாகக்கூட ஓடும் உலைகள் இருக்கின்றன. காற்று வீசினாலும் வீசாவிட்டாலும், இரவோ பகலோ, மின்சாரம் வந்துகொண்டிருக்கும்.

கரியமில வாயுக் கணக்கும் அணுமின்சாரத்துக்கே சாதகம். சுரங்கம் தோண்டுவது முதல் நிலையத்தைப் பிரித்தெடுப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 12 கிராம் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2014 அறிக்கையில் நடுமதிப்பாகக் கொடுத்தது. நிலக்கரிக்கு அது 820 கிராம். நிலக்கரிப் புகையால் ஆண்டுதோறும் சாகிறவர்கள் செய்தியில் வருவதில்லை, ஆனால் சாகிறார்கள். அணுமின்சாரத்தின் ஆபத்தைப் பேசும்போது இதையும் நாம் மறக்கக்கூடாது.

சரி, ஆபத்துக்கு வருவோம். அணு உலை அணுகுண்டு போல வெடித்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வெடிக்காது. குண்டுக்கான யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் வகை 90 சதவீதம் அளவில் வேண்டும். மின் உலைகளில் பெரும்பாலானவற்றில் அது 3 முதல் 5 சதவீதம்தான். அந்தப் பயத்தை இங்கேயே விட்டுவிடலாம். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு.

உலை ஓடும்போது யுரேனிய அணுக்கள் பிளக்கின்றன, வெப்பம் வருகிறது. ஏதாவது கோளாறு என்றால் கட்டுப்பாட்டுக் கோல்கள் சில நொடிகளில் உள்ளே இறங்கும், பிளவு நின்றுவிடும். இதுவரை எல்லாம் நல்லபடி. ஆனால் ஏற்கெனவே பிளந்த அணுக்களின் துண்டுகள் உள்ளேயே கிடக்கின்றனவே, அவை சும்மா இருப்பதில்லை. தாமாகச் சிதைந்து சிதைந்து சூட்டை வெளிவிடும். எரிகிற கட்டையை அடுப்பிலிருந்து இழுத்துப் போட்டாலும் கங்கு கனன்றுகொண்டிருக்கும் அல்லவா, ஏறக்குறைய அப்படி. ஆனால் கங்கின்மேல் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடலாம். இதை அணைக்க மனிதனிடம் எந்த வழியும் கிடையாது. அது தானாகத் தணியும்வரை வெப்பத்தை வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு வெப்பம்? 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலைக்குள் உண்மையில் சுமார் 3000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. நிறுத்திய அந்தக் கணத்தில் அதில் 6, 7 சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவுக்கு மிஞ்சியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து 40 மெகாவாட்டுக்குக் குறையாது. ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவில் நிற்கும். 15 மெகாவாட் என்றால் கொஞ்சமாகத் தோன்றலாம். அந்தச் சூடு ஒரே நாளில் ஏறக்குறைய 5 லட்சம் லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிவிடும். நிறுத்திவிட்ட உலை என்று சொல்கிறோமே, அதற்குள் நடப்பது இதுதான். தண்ணீர் தீர்ந்துபோனால் வில்லைகளை அடுக்கிய எரிபொருள் கோல்கள் வெளியே தெரியும், சூடேறும், உருகும். கோல்களின் உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். மீண்டும் சொல்கிறேன், உலையை நிறுத்துவது எளிது. அதன் பிறகு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கச் செய்வதுதான் கடினம்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானில் 9 அளவிலான நிலநடுக்கம். ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. இது நம் நினைவில் பதிய வேண்டும்: உலைகள் சரியாக நின்றன. வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. அதுவும் சரியாகவே நடந்தது. ஒரு மணி நேரத்துக்குள் 14, 15 மீட்டர் உயரத்துக்கு ஆழிப்பேரலை ஏறியது. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை அடித்தளத்தில் இருந்தன, தண்ணீர் புகுந்துவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் உலையின் நீர்மட்டத்தைக் காட்டும் கருவிக்குக்கூட மின்சாரம் இல்லை. ஊழியர்கள் கார்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டுவந்து இணைத்து அளவு பார்த்தார்கள். மூன்று உலைகளும் உருகின. சேர்ந்த ஹைட்ரஜன் வெடித்துக் கட்டடங்களின் கூரையைப் பிய்த்தெறிந்தது.

இது பலருக்கும் தெரிந்த கதை. நான் அடிக்கடி சொல்வது பக்கத்து நிலையத்தின் கதை. அங்கிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஃபுகுஷிமா டாய்னி என்று இன்னொரு நிலையம் உண்டு. பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், நடந்தது வேறு. அங்கே நான்கு உலைகள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கும் அலை வந்தது. கடல்நீரை இறைக்கும் பம்புகள் பெரும்பாலும் செயலிழந்தன, மூன்று உலைகளுக்கு வெப்பத்தைக் கடலில் விடும் வழி அடைபட்டது. ஆனால் வெளியிலிருந்து வரும் மின்கம்பிகளில் ஒன்று மட்டும் அறுபடாமல் இருந்தது. மின்சாரம் இருக்கிறது, ஆனால் வேண்டிய இடத்தில் இல்லை!

நிலையத் தலைவர் நவோஹிரோ மசுதா. பின்னதிர்வுகள் ஓயவில்லை, அடுத்த அலை எப்போது வருமோ தெரியாது. அந்த நிலையில் ஆட்களைக் கடற்கரைப் பக்கம் போகச் சொல்ல வேண்டும். அவர் அதட்டவில்லை. வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு பின்னதிர்வின் நேரத்தையும் அளவையும் எழுதினார். அதிர்வுகள் குறைந்துவருவதை எல்லோரும் தம் கண்ணால் பார்த்தார்கள், பிறகு வெளியே போனார்கள். மின்சாரம் இருந்த கட்டடத்திலிருந்து பம்புகள் வரை கேபிள் இழுக்க வேண்டும், மொத்தம் 9 கிலோமீட்டர். 200 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டே சுமார் ஒரு டன் எடை. எந்திரங்களை வைத்துச் செய்தாலும் பல நாள் பிடிக்கும் வேலை. ஏறக்குறைய 200 பேர் கையாலேயே இழுத்தார்கள். முதலில் குறிவைத்த உலையைவிட வேறோர் உலையில் அழுத்தம் வேகமாக ஏறுகிறது என்று நடுவில் தெரிந்ததும் மசுதா திட்டத்தை மாற்றினார். போட்ட திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. ஒரு நாளுக்குச் சற்று அதிகமான நேரத்தில் கேபிள் போட்டு முடிந்தது, மார்ச் 15-க்குள் நான்கு உலைகளும் குளிர்ந்த நிலைக்கு வந்துவிட்டன.

ஒரே நிறுவனம், ஒரே கடல், ஒரே நாள். ஒன்று உருகியது, இன்னொன்று பிழைத்தது. அந்த வேறுபாட்டில் அறுபடாத ஒரு மின்கம்பிக்கும் இருநூறு பேரின் தோள்களுக்கும் பெரிய பங்கு உண்டு. இதைக் கேட்டு மனிதர்களின் துணிவைப் பாராட்டலாம், நானும் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு நிலையத்தின் பாதுகாப்பு அப்படிப்பட்ட துணிவை நம்பி இருக்கக்கூடாது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

இன்றைய உக்ரைனில் இருக்கும் செர்னோபில் நிலையத்தின் விபத்தும் இதே கேள்வியிலிருந்துதான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் அங்கே நடந்தது ஒரு பாதுகாப்புச் சோதனை. மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர் முழு வேகத்துக்கு வரச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளியில், வேகம் குறைந்துவரும் டர்பைனின் சுழற்சியை வைத்துக் குளிர்விக்கும் பம்புகளை ஓட்ட முடியுமா என்று பார்த்தார்கள். குறைந்த சக்தியில் நிலைதடுமாறும் உலை வடிவம், அணைத்து வைத்த பாதுகாப்பு அமைப்புகள் என எல்லாம் சேர்ந்து உலையே வெடித்துவிட்டது. அது நீராவி அழுத்தத்தால் வந்த வெடிப்பு, அணுகுண்டு வெடிப்பு அல்ல. ஆனால் அதில் சிதறிய கதிரியக்க அயோடின் பால் வழியாக உடலுக்குள் போய், ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது. இதைச் சின்ன விஷயமாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபுகுஷிமா மாகாணத்தில் இடம்பெயர்வின் அலைச்சலாலும் மருத்துவம் தடைபட்டதாலும் இறந்தவர்களாகப் பதிவானவர்கள் 2000-க்கும் மேல். மருத்துவமனையிலிருந்தும் முதியோர் இல்லத்திலிருந்தும் அவசரமாகப் பேருந்தில் ஏற்றப்பட்ட வயோதிகர்கள் பலர் அதில் உண்டு. பெரும்பாலும் கதிர்வீச்சுக்குப் பயந்து வெளியேறியதில் போன உயிர்கள் அவை. ஆகவே ஆபத்து என்றால் உலைக்குள் இருப்பது மட்டுமல்ல. சுற்றியிருக்கும் மக்களிடம் உண்மையைச் சொல்கிறார்களா, படுக்கையில் கிடப்பவரை எப்படி அழைத்துப்போவது என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்களா என்பதும்தான்.

புதிய உலைகளில் சிலவற்றில் மேலே பெரிய நீர்த்தொட்டி வைத்திருக்கிறார்கள். பம்பும் ஜெனரேட்டரும் இல்லாமலேயே தண்ணீர் தானாக இறங்கி, காற்று தானாகச் சுழன்று, மூன்று நாளுக்கு உலையைக் காக்கும். இதை நான் பெரிய முன்னேற்றமாகப் பார்க்கிறேன். எந்த நாட்டிலும் புது நிலையம் வருகிறது என்றால், மின்சாரமும் இல்லை, ஆளும் இல்லை என்றால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க, அரசின் தயவில் இல்லாத ஒரு கண்காணிப்பு அமைப்பும் வேண்டும். இரண்டும் இருந்தால் நான் அணுமின்சாரத்தை ஆதரிப்பேன். ஒன்று குறைந்தாலும் ஆதரிக்க மாட்டேன். உக்ரைனின் ஸபோரிஷியா அணுமின் நிலையத்தைப் பாருங்கள். ஆறு உலைகளும் நிறுத்தப்பட்டிருந்தன. ஆனாலும் போருக்கு நடுவே பலமுறை வெளி மின்சாரம் அறுந்து டீசல் ஜெனரேட்டரை நம்பி நின்றன.

நேரம் நெருங்கிவிட்டது, கழிவையும் செலவையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கழிவில் சீசியம் பாதியாகக் குறைய 30 ஆண்டு, புளூட்டோனியம் பாதியாக 24,000 ஆண்டு. ஃபின்லாந்தில் ஒன்கலோ என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் ஆழத்தில், பழம்பாறைக்குள், செப்புக் குடுவைகளில் அடைத்துக் களிமண்ணால் சூழ்ந்து வைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மற்ற நாடுகளில் பெரும்பாலானவை இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கின்றன. செலவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: பிரான்சின் ஃப்லமான்வில் மூன்றாம் உலை. 2007-ல் கட்டத் தொடங்கினார்கள், 330 கோடி யூரோ ஆகும் என்றார்கள். 2024 டிசம்பரில்தான் மின்சாரம் வந்தது, செலவு 1300 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. அந்த இடைவெளியில் சூரியத் தகடுகளின் விலை பலமடங்கு இறங்கியிருக்கிறது. சிறிய அணு உலைகளைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. நன்றி, வணக்கம்.