மாசச் சம்பளம் எழுத்தாளனுக்கு எதிரியா? இல்லவே இல்ல!

நடுவர் அய்யா அவர்களே, எதிரணியில நெஞ்சை நிமித்திட்டு உக்காந்திருக்கிற நண்பர்களே, வணக்கம். சிறுகதைக்காரனை வளர்க்கிறது மாசச் சம்பள வேலையா, வேலைய உதறிட்டு முழுநேரமா எழுதறதா? இதுதான் தலைப்பு. எங்க அணி வேலைதான்னு சொல்லுது.

எதிரணித் தலைவர், எழுத்தாளர் அசோகமித்திரனை உதாரணமா காட்டினார், "1966-ல ஜெமினி ஸ்டூடியோவ விட்டு வெளிய வந்தார், 1996-ல சாகித்ய அகாடமி விருது வாங்கினார், பாருங்க"ன்னார். கைதட்டலும் வாங்கிட்டார். வாங்கிக்கட்டும். ஆனா அதே மனுஷனைத்தான் நானும் சாட்சிக்குக் கூப்பிட வந்திருக்கேன்.

1931-ல செகந்திராபாத்ல பொறந்தவர், பேரு தியாகராஜன். அப்பா போனப்புறம் 1952-ல குடும்பத்தோட மெட்ராஸ் வந்து எஸ்.எஸ்.வாசனோட ஜெமினில சேர்றார். என்ன வேலைங்கறீங்க? பேப்பர்ல வர்ற செய்திய வெட்டி ஃபைல் பண்றது! ஒரு சின்ன ரூம்ல உக்காந்து நாள் பூரா பேப்பரைக் கிழிச்சுட்டிருப்பார், போறவன் வர்றவன்லாம் இவருக்கு உருப்படியா ஒரு வேலையும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு உள்ள வந்து அட்வைஸ் பண்ணிட்டுப் போவான். அந்த ரூம்லேர்ந்து அவர் பார்த்ததுதான் இன்னிக்கு சிபிஎஸ்இ பன்னெண்டாம் வகுப்பு இங்கிலீஷ் பாடம், லாரி லாரியா வாங்கின பான்கேக் மேக்கப், நடிகனாகிடலாம்னு வந்து மேக்கப் டிபார்ட்மெண்ட்ல கூட்டத்துக்குப் பெயிண்ட் அடிச்சே நாற்பதைத் தாண்டிட்ட 'ஆபீஸ் பாய்', எல்லாமே அதுல இருக்கு. (நம்ம பிள்ளைங்க அதை மார்க்குக்காக மனப்பாடம் பண்றாங்க, அது தனி சோகம்.)

சரி, அவரோட 'புலிக்கலைஞன்' சிறுகதை படிச்சிருக்கீங்களா? ஸ்டூடியோ ஆபீசுக்கு சான்ஸ் கேட்டு ஒரு ஏழை வர்றான், பேரு காதர். அவனுக்குத் தெரிஞ்சது புலி வேஷம் ஒண்ணுதான். புலித்தலைய எடுத்து மாட்டிக்கிறான் பாருங்க, அதுக்கப்புறம் அங்க மனுஷன் கெடையாது, அந்த சின்ன ரூமுக்குள்ள நிஜமாவே ஒரு புலி பாயுது, பாத்துட்டிருக்கறவங்க வெலவெலத்துப் போறாங்க. தலைய கழட்டினா மறுபடியும் அதே கெஞ்சற ஏழை. அப்புறம் அவனைக் கூப்பிட்டு லெட்டர் போடறாங்க, ஆள் இல்லைன்னு லெட்டர் திரும்பி வந்துடுது. அவ்வளவுதான் கதை. ஒரு சொட்டு கண்ணீர் விடாம எழுதியிருப்பார். சான்ஸ் கேட்டு வர்றவனை மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காந்து வருஷக்கணக்குல பாத்தவனுக்குத்தான் அந்த நிதானம் வரும்.

வெளிய வந்தப்புறம் முதல்ல வந்த நாவல்கள்ல ஒண்ணு 'கரைந்த நிழல்கள்'. அது எதைப் பத்தி? சினிமாக் கம்பெனி! புரொடக்ஷன் மேனேஜர், வண்டி, சாப்பாடு, சம்பள பாக்கி. வேலைய விட்டாரே தவிர அந்த வேலை அவரை விடல அய்யா.

அந்த 'முழுநேரம்' எப்படி இருந்ததுன்னும் எதிரணி சொல்லணும்ல? சொல்ல மாட்டாங்க. தமிழ்ல கதை எழுதி யாருக்குங்க அரிசி வந்திருக்கு? இங்கிலீஷ் பத்திரிகைக்குக் கட்டுரை, கணையாழிங்கற இலக்கியப் பத்திரிகைல ஆசிரியர் வேலை, நடுவுல 1973-ல அமெரிக்கால அயோவா யூனிவர்சிட்டி எழுத்தாளர் முகாம், அதுலேர்ந்து 'ஒற்றன்'னு ஒரு நாவல். அதாவது முழுநேர எழுத்தாளர்ங்கறவரும் வேற வேற வேலைதான் பாத்துட்டிருந்தார், பி.எஃப். மட்டும் கெடையாது!

ஆபீஸ் நேரத்தைத் தின்னுடும்னு சொன்னீங்க, ஒத்துக்கறேன், தின்னும். ஜெமினில இருந்தப்ப அவர் எழுதினது கம்மிதான், அதையும் மறைக்கல. ஆனா 2017-ல சாகற வரைக்கும் எடுத்து எடுத்து செலவழிச்ச சரக்குல பாதி செகந்திராபாத்ல சேந்தது, மீதில பெரும்பங்கு அந்த ஸ்டூடியோல சேந்தது. 1952-லயே வீட்ல நோட்டும் பேனாவுமா உக்காந்திருந்தார்னா அந்த காதர் எந்தக் கதவைத் தட்டிட்டு உள்ள வந்திருப்பான்? அடுத்து பேச வர்ற எதிரணி நண்பர் மத்ததெல்லாம் அப்புறம் பேசட்டும், முதல்ல இதுக்குப் பதில் சொல்லட்டும் நடுவர் அய்யா.