'சிக்னல் இல்லை'ன்னு வந்தா டிஷ்ஷைத் திருப்பாதீங்க

[திரையில்: நீல நிறத் திரை, நடுவுல "சிக்னல் இல்லை"]

வணக்கம். டிவியைப் போட்டதும் இப்படி நின்னா நம்ம வீடுகள்ல என்ன நடக்கும்? ஒருத்தர் மொட்டை மாடிக்கு ஏறி டிஷ்ஷைத் திருப்புவாரு. இன்னொருத்தர் கீழே நின்னு "வந்துச்சு... ஐயோ போச்சு"ன்னு கத்துவாங்க. பாதி நேரம் டிஷ்ல பழுதே இருக்காது. நல்லா இருந்த டிஷ்ஷையும் திருப்பிவிட்டா ஒரு பழுது ரெண்டாயிடும்.

டிடி ஃப்ரீ டிஷ்ஷை வச்சுச் சொல்றேன். அதுக்கு மாசக் கட்டணம் கிடையாது, அதனால ரீசார்ஜ் முடிஞ்சுபோச்சோங்கிற சந்தேகமே வேண்டாம். மத்த டிடிஎச்சுக்கும் முறை இதேதான், செயற்கைக்கோள் வேறயா இருக்கலாம்.

முதல்ல, 'சிக்னல் இல்லை'ன்னு சொல்றது டிவியா, செட்டாப் பாக்ஸான்னு பாருங்க. பாக்ஸோட ரிமோட்ல மெனு பட்டனை அமுக்குங்க. மெனு வரலேன்னா டிவி வேற இன்புட்ல நிக்குது, இல்ல எச்டிஎம்ஐ, ஏவி வயர் கழண்டிருக்கு, இல்ல பாக்ஸுக்கே கரண்ட் வரல. மாடிக்குப் போகவே வேண்டாம்.

[திரையில்: மெனு, ரெண்டு கோடுகள்]

மெனு வந்தா, இன்ஸ்டாலேஷன் பக்கத்துக்குப் போங்க. ஸ்ட்ரெந்த், குவாலிட்டின்னு ரெண்டு கோடு இருக்கும். டிஷ் முனையில நீட்டிக்கிட்டு இருக்கே எல்என்பி, அதுக்கு வேண்டிய கரண்டை பாக்ஸ்தான் அந்த ஒரே கேபிள் வழியா அனுப்புது, 13 அல்லது 18 வோல்ட். அந்த எல்என்பி வானத்துல இருந்து வர்ற அதிர்வெண்ணைக் குறைச்சுக் கீழே அனுப்பும். உதாரணமா 11090 மெகாஹெர்ட்ஸ்ல வர்றதுல 9750-ஐக் கழிச்சா 1340. கேபிள்ல ஓடுறது அதுதான்.

எல்என்பி உயிரோட இருந்தா, டிஷ் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஸ்ட்ரெந்த் கோடு ஓரளவு நிக்கும். அதை நம்பாதீங்க, அது வெறும் இரைச்சலாக்கூட இருக்கலாம். சரியான செயற்கைக்கோள் கிடைச்சாத்தான் குவாலிட்டி ஏறும். ஆக, ரெண்டுமே சைபர்னா கேபிளையும் எல்என்பியையும் பாருங்க. ஸ்ட்ரெந்த் இருந்து குவாலிட்டி சைபர்னா மழையோ, மறைப்போ, திசையோ, செட்டிங்கோ.

[திரையில்: கனெக்டர், மிக நெருக்கமா]

ரெண்டும் சைபர்னா பெரும்பாலும் இந்தச் சின்ன கனெக்டர்தான். பாக்ஸோட பிளக்கைப் பிடுங்கிட்டுக் கழட்டுங்க. வெளிச்சுத்துல இருக்கிற பின்னல் கம்பி தெரியுதா? அதுல ஒரே ஒரு இழை, தலைமுடி மாதிரி, நடுக் கம்பியைத் தொட்டுக்கிட்டு இருக்கு. அவ்வளவுதான், ஷார்ட். எல்என்பிக்குக் கரண்டே போகாது. மாடியில இருக்கிற முனையில நடுக் கம்பி பச்சை பூத்திருந்தா தண்ணி உள்ளே இறங்கியிருக்குன்னு அர்த்தம். அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சுட்டுப் புது கனெக்டர் போடுங்க. கேபிள் எல்என்பிக்குக் கீழே கொஞ்சம் தொங்கி, அப்புறம் மேலேறணும். அப்பத்தான் மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். மல்டிமீட்டர் இருந்தா, பாக்ஸை ஆன் பண்ணிட்டு மாடி முனையில வோல்ட் பாருங்க. 13, 18 பக்கத்துல வந்தும் ஸ்ட்ரெந்த் ஏறலேன்னா எல்என்பியை மாத்திடுங்க.

குவாலிட்டி மட்டும் சைபரா? அடைமழைன்னா மழை விடட்டும், அந்த நேரத்துல மாடிக்கு ஏறாதீங்க. மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசியிலயும் காலை 11 மணி வாக்குல சில நிமிஷம் போய் வந்தா, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னாடி வருதுன்னு அர்த்தம். தானா சரியாயிடும். செட்டிங்ல எல்என்பி அதிர்வெண் 9750-10600ன்னு இருக்கான்னு பாருங்க. வீட்டுல ரிமோட்டை நோண்டுற வாண்டு இருந்தா இதை முதல்லயே பாருங்க.

அடுத்து மறைப்பு. ஃப்ரீ டிஷ் வர்றது ஜிசாட்-15ல இருந்து, கிழக்கு 93.5 டிகிரி. சென்னையில தென்கிழக்கே, அடிவானத்துல இருந்து 68 டிகிரி உயரத்துல இருக்கு, கிட்டத்தட்ட தலைக்கு மேல. டிஷ் முகம் அவ்வளவு அண்ணாந்து பார்க்கிற மாதிரி தெரியாது. ஆனா சிக்னல் வர்ற வழி முகம் காட்டுற திசையை விட 20 டிகிரிக்கு மேல உயரமா இருக்கும். அதனால எதிர் வீட்டுச் சுவரைக் குறை சொல்லாதீங்க, மேல சாய்ஞ்சு வளர்ந்திருக்கிற தென்னை மட்டையைப் பாருங்க. எல்என்பி முகத்துல குளவிக்கூடு இருந்தா அதையும்.

இத்தனைக்கும் பிறகுதான் டிஷ். அதுலயும் டிஷ் கம்பத்துல துணிக்கொடி கட்டியிருக்கான்னு பாருங்க! ஈரப் போர்வை இழுக்கிற இழுப்புக்குக் கம்பம் சாயாம என்ன செய்யும்? 60 செ.மீ. டிஷ்ல விளிம்பு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே கோணம் கிட்டத்தட்ட ரெண்டு டிகிரி மாறிடும். ரெண்டு டிகிரி விலகினா படம் காலி. பழைய இடத்தைப் பென்சிலால குறிச்சுக்கிட்டு, கடுகளவு திருப்பி, அஞ்சாறு விநாடி பொறுங்க. பாக்ஸ் பிடிக்க நேரம் எடுக்கும். குவாலிட்டி உச்சத்துக்கு வந்ததும் நட்டுகளை மாத்தி மாத்தி இறுக்குங்க. ஒரே பக்கம் இறுக்கினா டிஷ் மறுபடி நகரும்.

இன்னொண்ணு, குவாலிட்டி வராத வரைக்கும் ஃபேக்டரி ரீசெட் பண்ணாதீங்க. இருக்கிற சேனல் பட்டியலும் அழிஞ்சுபோகும். குவாலிட்டி நின்ன பிறகு சேனல் ஏதாவது காணோம்னா, ஒரு ஆட்டோ ஸ்கேன் போடுங்க.