ஜன்னலைத் திறப்பதா, சாத்துவதா?

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த தர்மபுரி மாவட்டத்தில் முப்பத்தோரு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். பென்னாகரம் பக்கம் பாதிக் காலம், பாலக்கோடு பக்கம் மீதிக் காலம். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் நடந்திருக்கிறேன். கோடைகாலம் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தில் கூப்பிட்டார்கள். நீர்மோர் குடியுங்கள், நுங்கு சாப்பிடுங்கள், குடை எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். சித்திரை பிறந்தால் அதை யாராவது சொல்கிறார்கள், நீங்களும் கேட்கிறீர்கள். அதனால் அதை விட்டுவிட்டு, நான் ஒருமுறை தப்பாகச் சொன்ன யோசனை ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன்.

பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டிய ஒரு சிற்றூர். மாசி, பங்குனி வந்துவிட்டால் அங்கே மலையில் எங்காவது தீ இருக்கும். ராத்திரி பார்த்தால் சரிவில் சிவப்பாக ஒரு கோடு வளைந்து வளைந்து போகும். அது எந்தப் பாறை வரைக்கும் வந்திருக்கிறது என்று பிள்ளைகள் வாசலில் நின்று பந்தயம் கட்டுவார்கள். அந்த வருடம் மூன்று நாளாகியும் தீ அணையவில்லை. காலையில் நான் போனபோது ஊரே மங்கிக் கிடந்தது. கொடியில் காய்ந்த துணி மேலும், கேழ்வரகு உலர்த்திய பாய் மேலும் சாம்பல். ஒரு பெரியவருக்கு இழுப்பு வந்திருந்தது. ஏற்கெனவே பீடி குடித்துக் கெட்டுப்போன நெஞ்சு. "கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு உள்ளேயே இருக்கச் சொல்லும்மா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். அந்தப் பெண்ணும் சொன்னது சொன்னபடி செய்திருக்கிறாள். ஜன்னல் இடுக்கில் பழைய புடவையைக்கூடத் திணித்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். சீட்டுக் கூரை போட்ட வீடு. உள்ளே கால் வைத்ததும் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. பெரியவர் பாயில் கிடந்தார். இழுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் நாம் ஒன்று கேட்டால் அவர் வேறு எதற்கோ பதில் சொல்கிறார். என்னைத் தன் தங்கை என்று நினைத்து, மாடு அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது என்றார். உடம்பைத் தொட்டால் கொதிக்கிறது. வேப்பமரத்தடிக்குக் கட்டிலைத் தூக்கி வந்து, வேட்டியை நனைத்துப் போர்த்தி, மேலே மேலே தண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு முறத்தால் விசிறினோம். ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் நினைவு தெளிந்தது. பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம் என்னை எங்கே பார்த்தாலும், "வாம்மா, இன்னைக்குக் கதவைச் சாத்தணுமா, தொறக்கணுமா?" என்று கேட்பார். கிண்டல்தான். ஆனால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வி திரும்பவும் என் முன்னால் வந்து நின்றது 2023இல், அமெரிக்காவில். என் மகள் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்காக ஜூன் மாதம் போய் இறங்கினேன். பாலைவனம் என்றால் மணல்மேடு என்று நினைத்திருந்தேன். அங்கே அப்படி இல்லை. கிருஷ்ணகிரி பக்கத்துப் பாறைக் குன்றுகள் மாதிரியேதான் இருக்கிறது. மரத்துக்குப் பதிலாகப் பனையில் பாதி உயரத்துக்குக் கள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். சகுவாரோ என்கிறார்கள்.

நான் போன நேரம் பாருங்கள். ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, 31 நாள் விடாமல் பீனிக்ஸில் பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. நம் சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்ற பேச்சையே எடுக்கும். பகலைவிட என்னை மிரட்டியது ராத்திரி. ஜூலை 19ஆம் தேதி அங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பமே 36 டிகிரி. விடிகாலையில் குழாயைத் திறந்தால் வெந்நீர். பீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) அந்த ஒரு வருடத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர் என்று கணக்கெடுத்தார்கள். வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏசி இருந்திருக்கிறது. ஓடவில்லை.

நம் ஊரில் இந்தக் கணக்கு சரியாக வராது. மாந்தோப்பில் காய் பறிக்கப் போனவர் சுருண்டு விழுந்து இறந்தால் மாரடைப்பு என்று எழுதி முடித்துவிடுவார்கள். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் சொல்லியிருக்கிறது. காகிதத்தில் மாரடைப்பு என்று இருந்தால் அந்தக் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்?

சரி, புகைக்கு வருகிறேன். நான் அங்கே போய் இறங்கிய ஜூன் மாதக் கடைசியில், பீனிக்ஸை ஒட்டிய ஸ்காட்ஸ்டேல் நகரத்தின் வடக்கு எல்லையில் தீப்பிடித்து 2000 ஏக்கர் அளவுக்கு எரிந்தது. பாலைவனத்தில் எரிய என்ன இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். புல் என்றார். கள்ளிக்கும் கள்ளிக்கும் நடுவே முன்பு வெறும் மண் கிடந்ததாம். அதனால் தீப்பிடித்தாலும் தாவிப் போகாது. இப்போது அந்த இடைவெளியை வெளிநாட்டுப் புற்கள் நிரப்பிவிட்டன. 2020இல் ஒரு வண்டியில் பிடித்த தீ காட்டுக்குப் பரவி 1,93,000 ஏக்கரை எரித்திருக்கிறது. சகுவாரோ கணக்கில்லாமல் கருகியிருக்கிறது.

அந்தப் புற்களில் ஒன்றைப் படத்தில் காட்டினார் மாப்பிள்ளை. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம் கொழுக்கட்டைப் புல்! காங்கேயம் பக்கம் கொறங்காட்டில் மாடு மேய்வதற்கென்றே வளர்ப்பார்களே, அதே புல். ஆப்பிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனத்துக்கென்று அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இப்போது ஆட்களைத் திரட்டி வேரோடு பிடுங்குகிறார்கள். நம் காட்டில் தீயைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எது? உண்ணிச்செடி. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. வெள்ளைக்காரர்கள் பூவுக்காகக் கொண்டுவந்தது. நம் ஊரிலும் வளரும் புல் அங்கே எரிகிறது, அவர்கள் பக்கத்துச் செடி இங்கே எரிகிறது. ஆடு மேய்க்கிறவர்கள்தான் தீ வைக்கிறார்கள் என்று பழி போடுவது சுலபம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஒகேனக்கல் சாலையில் காரை நிறுத்தி சிகரெட்டை வீசிவிட்டுப் போகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்காட்ஸ்டேல் பக்கம் எரிந்த அந்தப் புகை நாளில் மகளின் தோழி போன் செய்தாள். ஏசி இல்லாத பழைய வீடு, தண்ணீர் ஓடும் கூலர்தான். வெளிக்காற்றை இழுத்து நனைத்து உள்ளே தள்ளும். போட்டால் வீடெல்லாம் புகை, நிறுத்தினால் குழந்தைகளால் இருக்க முடியவில்லை. பென்னாகரத்துப் பெரியவர் எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. இப்போது நம் ஊரிலும் ஜன்னலுக்கு வெளியே ஏர் கூலர் மாட்டிய வீடுகள் நிறைய வந்துவிட்டன. கரும்புத் தோகை கொளுத்துகிற நாளில், குப்பைமேடு எரிகிற நாளில், அந்தக் கூலர் புகையைத்தான் உள்ளே இழுத்துக் கொடுக்கும். அதிலிருக்கும் வெட்டிவேர் தட்டி சாம்பலைப் பிடிக்கும். நெஞ்சுக்குள் போகும் தூசு 2.5 மைக்ரானுக்கும் சின்னது. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. தட்டி, ஈரத்துணி, துண்டு எதுவும் அதைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் தடுக்கும், அதுவும் முகத்தோடு ஒட்டி இருந்தால்.

அப்படியானால் என்னதான் செய்வது? அன்று அந்த மருமகளிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் வெக்கையைப் பாருங்கள். புகை உள்ளே இருந்து மெல்லக் கெடுக்கும். வெக்கை ஒரே மதியத்தில் ஆளைச் சாய்த்துவிடும். சீட்டு வீட்டை இறுகச் சாத்திவிட்டு மதியத்தில் உள்ளே இருக்காதீர்கள். மச்சு வீட்டு உறவுக்காரர், பள்ளிக்கூடம், எது பக்கமோ அங்கே போய்விடுங்கள். இழுப்புக்காரரை மட்டும் புகையிலும் விட முடியாது, வெக்கையிலும் விட முடியாது. இன்ஹேலரோடு அவரை முதல் நாளே மலையடிவாரத்தைவிட்டு ஊருக்குள் அனுப்பிவிட வேண்டும். தீ மூன்றாம் நாள் வரைக்கும் போகும் என்று ஊருக்குத் தெரியும். எனக்குத்தான் அன்று தோன்றவில்லை. சீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பினால் குளிர்ச்சிதான். ஆனால் காட்டோரத்து வீட்டில் ஒரு பொறி வந்து விழுந்தால் போச்சு. அங்கே சுண்ணாம்பு அடியுங்கள். பேச்சுக் குழறி உடம்பு கொதித்தால் 108க்குச் சொல்லிவிட்டு, வண்டிக்காகக் காத்திராமல் அங்கேயே தண்ணீர் ஊற்றி விசிறத் தொடங்குங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அப்புறம் ராத்திரி. புகை வாசனை இல்லாத ராத்திரியில் வீட்டை மொத்தமாகத் திறந்துவிடுங்கள். சகுவாரோ அப்படித்தான் பிழைக்கிறது. பகலில் தண்ணீர் ஆவியாகிவிடும் என்று இலைத்துளை மாதிரியான தன் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து மூச்சுவிடும். நம் சப்பாத்திக்கள்ளியும் அப்படியே. 2023இல் அங்கே ராத்திரி குளிரவே இல்லை. நூறு வயதுக் கள்ளிகள் காற்றுக்கூட அடிக்காத நாளில் கை முறிந்து விழுந்தன. மகள் வீட்டுத் தெரு முனையில் ஒன்று அப்படிக் கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வெட்டிய பூசணிக்காய் போல உள்ளே கொழகொழவென்று இருந்தது.

இப்போது நமக்குக் காலை ஆறரை என்றால் மகளுக்கு முந்தைய நாள் மாலை ஆறு. அந்த நேரத்துக்குத்தான் போன் செய்வாள். முன்பெல்லாம் சாப்பிட்டாயா என்றுதான் ஆரம்பிப்பேன். இப்போது ஜூன், ஜூலை மாதங்களில், "நேத்து ராத்திரி எத்தனை டிகிரி? ஜன்னலைத் தொறந்தியா, சாத்தினியா?" என்று கேட்கிறேன். பேரன் பின்னாலிருந்து அவளுக்கு முன்னால் பதில் சொல்லிவிடுகிறான்: "சாத்தியாச்சு, பாட்டி."

வணக்கம்.